சுவரொட்டியில் அழிந்த பொட்டு

சந்திரமதி யார் என்று இத்தாலியின் பலேர்மோ நகரில் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். லிபெர்த்தாத் தெருப் பக்கத்து மாடிவீட்டுக்காரர்களிடம் கேட்டால், "ஆ, அந்தப் படத்தில் அழுகிறவள்" என்பார்கள். இங்கே வந்து குடியேறிய எங்கள் ஈழத்துச் சனத்திடம் கேட்டால் குரலைத் தாழ்த்தி, "பாவம், அவவின்ரை கதை தெரியும்தானே" என்பார்கள். இரண்டு பதிலும் பொய். இரண்டையும் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்துபோய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மற்றில்டா. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, கத்தோலிக்கப் பெண். என் மனுசன் கடலுக்குப் போன இடத்தில் துவக்குச் சூடுபட்டு இறந்தார். அதன் பிறகுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். லிபெர்த்தாவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் உறுதி எழுதி ஓய்ந்த வயதான நொத்தாரிசு ஒருவரைப் பராமரிக்கிற வேலை. அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற வீட்டுக்கார அம்மா அமாலியாவின் வீட்டில், சந்திரமதி வேலை செய்தாள். குடியிருப்பது இருவரும் பல்லாரோச் சந்தைக்குப் பின்னால், ஒரே படிக்கட்டில் எதிரெதிர்க் கதவு. வேலைக்கும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவோம்.

அவள் சுன்னாகத்தில் பிறந்தவள். இராஜதுரையைக் கட்டிக் கிளிநொச்சிக்குப் போனாள். அவர் உழவு மிசின் திருத்துகிறவர், சொந்தமாகக் கராச் வைத்திருந்தார். 2002இல் சண்டையை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லி வன்னிப் பாதை திறந்தபோது, பலேர்மோவிலிருந்த அண்ணன் விசாவுக்கு ஒழுங்கு செய்ய, அவள் சின்னப் பிள்ளையான மகள் கேசிகாவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "நீ போ, கராச்சை ஒருத்தனிட்டை ஒப்படைச்சுப்போட்டு நான் பின்னாலை வாறன்" என்றாராம் இராஜதுரை. கராச்சை யாரிடமும் ஒப்படைக்க மனம் வரவில்லை. பிறகு அவருடைய தாய் படுக்கையில் விழுந்தார். பிறகு 2006இல் திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அண்ணனும் லண்டனுக்குப் போய்விட்டார். இப்படித்தான் பின்னால் வருகிற மனுசனுக்காக அவள் காத்திருக்கத் தொடங்கினாள்.

இனி அந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிஞ்ஞோரா அமாலியாவின் வீட்டில் வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் நீளமான ஒரு நடை. அதன் இரு சுவரிலும் செத்துப்போன அவருடைய கணவர் சேர்த்த படங்கள். மறுமலர்ச்சிக் காலத்தவை, செப்புத் தகட்டில் கூரான கருவியால் கீறி, கீறிய கோட்டுக்குள் மை இறக்கி, தாளை வைத்து அழுத்தி எடுத்த சித்திரங்கள். ஒன்றில் ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்குகிறார்கள். ஒன்றில் தரையில் கிடத்தியிருக்கிறார்கள், பெண்கள் சுற்றியிருந்து அழுகிறார்கள். ஒன்றில் கல்லறைக்குள் வைக்கிறார்கள். ஒன்றில் தாய் தனியே மகனை மடியில் போட்டுக்கொண்டு இருக்கிறாள். நிறம் என்று மருந்துக்கும் இல்லை. கறுப்புக் கோடுகள்தான், மயிரிழை மயிரிழையாக. கண்ணீரும் கோடுதான், மாதாவின் முக்காட்டு மடிப்பும் கோடுதான். அங்கங்கே தாள் பழசாகிப் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன.

சந்திரமதிக்கு முதலில் அவற்றைப் பிடிக்கவில்லை. நொத்தாரிசு மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரம் நான் கீழே இறங்கிப் போவேன். அப்படி ஒருநாள் கண்ணாடிகளைத் துடைத்தபடி கேட்டாள்.

"என்னக்கா இது, வீடு முழுக்கச் செத்தவீடு. ஒரு படம் சிரிக்கிற படமா மாட்டினால் என்னவாம்?"

"உங்கடை பிள்ளையாரை வேணுமெண்டால் கொண்டுவந்து நடுவிலை மாட்டிவிடு" என்றேன்.

சிரித்தாள். பிறகு ஒவ்வொருவரையும் விரலால் காட்டிக் கேட்டாள். இவ மாதா, இவ மதலேனம்மாள், மாதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் சீடர் அருளப்பர் என்று சொன்னேன். துணியைப் பிடித்திருக்கிற தாடிக்காரக் கிழவர் யார் என்றாள். அவர் அரிமத்தியா ஊர்ச் சூசை, தனக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறையைக் கொடுத்தவர் என்றேன். "நல்ல மனுசன்" என்று சொல்லி அவர் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்தாள்.

2009 மாசி மாதம் இராஜதுரை தொலைபேசியில் கடைசியாகக் கதைத்தார். பதுங்குகுழிக்குள் இருக்கிறோம், அம்மா போய்விட்டா, பிள்ளை படிக்கிறாளா என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் படங்களை அவள் பார்க்கிற விதம் மாறியது. மடியில் மகனைக் கிடத்திய தாயின் முன்னால் ஒருநாள் நின்றுகொண்டு, "இவ குடுத்து வைச்சவ அக்கா. உடம்பு மடியிலை கிடக்குது" என்றாள். எனக்கும் என் மனுசனின் உடம்பு கிடைத்தது. அதைக் கொடுத்து வைத்தது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

வைகாசியில் போர் முடிந்த அன்று அவள் அந்த நடையைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள். சிஞ்ஞோராவுக்கு மகன் முறையான பெறாமகன் றுஜ்ஜேரோவும் அங்கே இருந்தான். படித்தவன், தொத்தோரே என்று கூப்பிடுவார்கள். அந்தச் சித்திரங்களை வைத்து ஒரு கண்காட்சி செய்யப்போவதாகச் சொல்லி, விளக்குகளும் கமராவும் பூட்டி ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் லண்டனிலிருந்து அவளுடைய அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார், எல்லாம் முடிந்துவிட்டது, ஒருவரும் மிச்சமில்லை என்கிறார்கள் என்று. அவள் ஈரத் தரையிலேயே இருந்து தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

சிஞ்ஞோரா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். நான் இறங்கி ஓடினபோது நடையில் விளக்குகள் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன. றுஜ்ஜேரோ கமராவுக்குப் பின்னால் நின்றான். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கமரா சித்திரங்களுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். கண் முன்னால் ஒருத்தி நிலத்தில் கிடந்து அழ, ஒரு குவளை தண்ணீர் எடுக்காமல் பொத்தானை அமத்துகிற மனிதன் இருப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் கழுவி, புதிதாகக் குங்குமம் எடுத்துப் பொட்டு வைத்தாள். "அவர் செத்ததெண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் இராஜதுரையை பஸ் ஏற்றக் கண்டதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். அவள் பஸ்ஸைத்தான் பிடித்துக்கொண்டாள். உடம்பு வராத வரைக்கும், செத்ததைக் கண்டவர் வந்து சொல்லாத வரைக்கும், அவள் இராஜதுரையின் மனைவி. எங்கள் ஊரில் இதற்கு ஒருவரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். நெற்றியில் பொட்டு இருந்தால் மனுசன் இருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் சனத்தில் ஒருவரான தவராசா வீட்டிலும் அதை அப்படித்தான் எடுத்தார்கள். வைகாசியில் வைத்திருந்த மகளின் கல்யாணத்தைப் போரின் காரணமாகத் தள்ளிக் கார்த்திகைக்கு மாற்றியிருந்தார்கள். புரட்டாதியில் தவராசாவின் மனைவி நேரில் வந்து, "சந்திரமதி, நீதான் என்ரை பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க வேணும்" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆலாத்தி எடுப்பது, தட்டில் திரி ஏற்றிப் பொம்பிளை மாப்பிள்ளைக்கு முன்னால் சுற்றுவது, சுமங்கலிப் பெண்கள் இரண்டு பேரின் வேலை. அன்று சந்திரமதியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மனுசனிடமிருந்து கடிதம் வந்ததுபோல இருந்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம். நான் அவள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டு அவள் போய்த் திறந்தாள். எங்கள் சனத்தில் இன்னொருவர், விக்னராஜாவின் மனைவி புஷ்பமலர். வெளிறின சேலை, தலை இழுத்துக் கட்டியபடி. ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே வந்து சந்திரமதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

அந்த வருசம் அப்படி. எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஒருத்தி அழுதுகொண்டு வரலாம். புஷ்பமலரின் தம்பி முல்லைத்தீவில் சண்டைக்குள் அகப்பட்டவர். அவருடைய சாவுச் செய்திதான் வந்துவிட்டது என்று சந்திரமதி நினைத்தாள், நானும் நினைத்தேன். சந்திரமதியும் சேர்ந்து அழுதாள்.

"அழாதேங்கோ அக்கா. எங்களுக்கெண்டு எழுதினது இதுதான். நீங்கள்தானே உங்கடை பிள்ளையளுக்காகத் தைரியமா இருக்க வேணும்."

"நீ எனக்கு ஆறுதல் சொல்லுறியேடி" என்று புஷ்பமலர் இன்னும் பலமாக அழுதார்.

ஒருத்தி மற்றவளின் கண்ணைத் துடைக்க, மற்றவள் இவளின் முதுகைத் தடவ, நானும் வெங்காயக் கையோடு அழ, நல்லதொரு செத்தவீடு அங்கே நடந்தது. பிறகு புஷ்பமலர் எழுந்தார். மூக்கைத் துடைத்தார். வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். அவ்வளவுதான்.

சந்திரமதி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, அவ சொல்லாமல் போறா."

எங்களில் யாரும் யாருடைய வீட்டிலிருந்தும் "போட்டு வாறன்" என்று சொல்லாமல் வெளிக்கிடமாட்டோம். ஒரே ஒரு வீட்டில்தான் சொல்லாமல் போவது. இந்துவோ கிறிஸ்தவரோ, அது எல்லோருக்கும் ஒன்று.

"ஆரின்ரை செத்தவீட்டுக்கு வந்தவ?" என்றாள் சந்திரமதி. கேட்டுக்கொண்டே படியிறங்கி ஓடினாள். சந்தை மூலையில் புஷ்பமலரை மறித்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது புஷ்பமலர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"பெரிய தெருவிலை சுவர் முழுக்க ஒட்டியிருக்கு. மாதாவுக்குப் பக்கத்திலை நீ. அழுதுகொண்டு இருக்கிறாய். நெத்தியிலை பொட்டில்லை. நான் என்னத்தையெண்டு நினைக்கிறது?"

அப்படியே நடந்தோம். கேசிகாவும் கூட வந்தாள். லிபெர்த்தாத் தெருவில், வேலைக்கு நாங்கள் இறங்கும் இடத்துக்கு அப்பாலுள்ள பஸ் தரிப்பிடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். இடது பாதியில் ஆண்டவரைச் சுற்றியிருந்து பெண்கள் அழுகிற அந்தச் சித்திரம். வலது பாதியில் சந்திரமதி, கறுப்பு வெள்ளையில், ஈரத் தரையில், தலையில் கை. மேலே பெரிய எழுத்தில் "ஒப்பாரி, அன்றும் இன்றும்" என்ற பொருளில் இத்தாலியனில் எழுதியிருந்தது. அவளுடைய பெயர் எங்கேயும் இல்லை. நெற்றி துடைத்துவைத்த தட்டுப்போல வெறுமையாக இருந்தது.

கேசிகா கிட்டப் போய் நெற்றியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "அம்மா, இது ஃபோட்டோஷொப். கன்செல்லாத்தோ. அழிச்சிருக்கினம்" என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை தன்னைக் கட்டிப்பிடித்து ஏன் கொஞ்சினார் என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

திரும்பி வந்து வீட்டுப் படிக்கட்டில் ஏறும்போது சந்திரமதி சொன்னாள்.

"பாத்தியளோ அக்கா. என்னை உங்களை மாதிரி ஆக்கிப்போட்டான்."

என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்னை மாதிரி என்றால் என்ன? நான் உழைக்கிறேன், சாப்பிடுகிறேன், பிள்ளைகளைக் கரை சேர்த்துவிட்டேன். ஆனால் அவள் கண்ணில் நான் ஒரு பெண்ணுக்கு நடக்கக்கூடிய மிகவும் கெட்ட விசயம். அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டேன். அப்போது கோபப்பட வேறு ஆள் இருந்தான்.

மறுநாள் நான் நொத்தாரிசுக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். சிஞ்ஞோராவும் றுஜ்ஜேரோவும் மேசையில் இருந்தார்கள். சந்திரமதி ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே கேட்டாள், என்னைக் கேட்காமல் ஏன் படம் பிடித்தீர்கள், என் பொட்டை ஏன் அழித்தீர்கள் என்று. அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். அன்பாகச் சிரித்தான்.

"சாந்த்ரா, அதை விட்டால் பார்க்கிறவர்களின் கண் அந்தப் புள்ளியிலேயே போய் நிற்கும். நான் ஓர் இந்தியப் பெண்ணைக் காட்ட விரும்பவில்லை. எந்த நாட்டுப் பெண்ணாகவும் இருக்கக்கூடிய ஒருத்தியைக் காட்ட விரும்பினேன். பழைய தாள்களில் இருந்த பழுப்புப் புள்ளிகளையும் இப்படித்தான் நீக்கினேன்."

"நான் இந்தியாக்காரி இல்லை" என்றாள் சந்திரமதி. ஏழு வருசம் அந்த வீட்டில் வேலை செய்தவள். அவளுடைய பெயரும் சாந்த்ரா இல்லை.

சிஞ்ஞோரா அவளின் கையைப் பிடித்தார். "மாதாவுக்குப் பக்கத்தில் உன்னை வைத்திருக்கிறான், மகளே. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் போயிருந்தேன். முடியவில்லை. அந்தப் படங்களைக் கீறிய மனிதர்கள் மாதாவின் அழுகையைத் தங்கள் மனதுக்குள் பார்த்துக் கீறினார்கள், அழுதுகொண்டிருந்தவளின் முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பவில்லை என்றேன். ஐந்நூறு வருசமாக எத்தனை பேர் கீறியிருக்கிறார்கள், ஒருவராவது பார்க்க வடிவாக இருக்கும் என்று மாதாவின் முக்காட்டை உருவினார்களா என்றும் கேட்டேன். என் இத்தாலியன் கோபம் வந்தால் சந்தை இத்தாலியனாகிவிடும். சிஞ்ஞோரா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சந்திரமதி அமைதியாகச் சொன்னாள்: "எங்கள் நாட்டில் ஒருத்தியின் பொட்டை எப்போது அழிப்பார்கள் தெரியுமா? புருசனின் பிரேதம் வீட்டில் கிடக்கும்போது. நீங்கள் என் புருசனைச் சாகடித்திருக்கிறீர்கள்."

"எனக்கு அது தெரியாது" என்றான்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் அந்த நடையில்தானே இருந்தேன்."

அவன் யோசித்துப் பார்க்கிறேன் என்றான். அச்சடித்தாகிவிட்டது, கஷ்டம் என்றும் சொன்னான். அதே பின்னேரம் தவராசாவின் மனைவியின் தொலைபேசி அழைப்பும் வந்தது. தேனாகக் கதைத்தார். "நீ மனம் களைச்சுப்போய் இருப்பாய். ஆலாத்திக்கு வேறை ஆளைப் பாத்திட்டன். நீ பிள்ளையோடை வந்து ஆறுதலா பின்னாலை இரு." இராஜதுரை உயிரோடு இருக்கிறார், அந்தப் படம் பொய் என்று சந்திரமதி சொல்லச் சொல்ல, "ஓம், ஓம், இருக்கட்டும், இருக்கத்தான் வேணும். ஆனால் நல்ல காரியம் எல்லோ" என்று அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கண்காட்சியைத் துறைமுகப் பக்கம், பூசை நடக்காத ஒரு சின்னப் பழைய தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். திறந்த அன்று சந்திரமதி போனாள். நான் கூடப் போனேன். கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச் சேலையை உடுத்தியிருந்தாள். தாலிக்கொடியைச் சேலைக்கு வெளியே எடுத்து விட்டிருந்தாள். பொட்டு ஒரு சதக் காசளவு. ஆளுயரத்துக்குப் பெருப்பித்து மாட்டியிருந்த தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எதையும் தொடவில்லை, கிழிக்கவில்லை, சத்தம் போடவில்லை. கிட்ட வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே வசனத்தைச் சொன்னாள்: "இந்தப் படம் பொய். என் புருசன் உயிரோடு இருக்கிறார்."

வைன் குவளையோடு வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சித்திரங்கள் பக்கம் நகர்ந்தார்கள். கறுப்புடை போட்ட ஒரு பலேர்மோக் கிழவி மட்டும் நகரவில்லை.

"எங்கே இருக்கிறார் உன் புருசன்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றாள் சந்திரமதி. அன்று முழுக்க அவள் குரல் உடைந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

கிழவி தலையாட்டிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கைப்பையோடு நின்றார். இரண்டு பேர் நிற்கத் தொடங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. றுஜ்ஜேரோ வந்து, தயவுசெய்து போ, நான் மாற்றுகிறேன் என்று காதுக்குள் சொன்னான். மாற்றும்வரை வருவேன் என்றாள். மறுநாளும் போய் நின்றாள், அதற்கு அடுத்த நாளும். அந்த வாரம் முடிவதற்குள் படம் மாறிவிட்டது. புதிய படத்தில் நெற்றியில் பொட்டு இருந்தது. அவளுடைய பெயரும் கீழே இருந்தது, முழுப் பெயர். தெருவில் ஒட்டியதை அவன் கழற்றவில்லை. பலேர்மோ வழக்கப்படி அவற்றின் மேல் சேர்க்கஸ்காரர் தங்கள் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டு போனார்கள்.

சிஞ்ஞோரா வீட்டில் பிறகு அவளால் இருக்க முடியவில்லை. மகள் மாதிரி வைத்திருந்தேன் என்று ஒரே பாட்டு. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகை வீட்டில் வேலை கிடைத்துக் காலை ரயிலில் போய்வரத் தொடங்கினாள். அந்த வீட்டில் படமே இல்லை, நிம்மதி என்றாள்.

இத்தாலிக்காரன் கதை அத்தோடு முடிந்தது. எங்கள் சனத்தின் கதை முடியவில்லை. மாற்றிய படத்தைப் போய்ப் பாருங்கோ என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். ஒருவரும் போகவில்லை. சந்தையில் அவளை நேருக்கு நேர் கண்டார்கள், நெற்றியில் பொட்டைக் கண்டார்கள், தாலிக்கொடியைக் கண்டார்கள். ஆனால் அவர்கள் நம்பியது சுவரில் கண்டதைத்தான். சொந்த மனுசி வாய்திறந்து சொல்வதைவிடக் கடதாசியில் அச்சடித்தது பெரிதாகிவிட்டது. கணினிக்கு முன்னால் இருந்து ஒரு படித்த முட்டாள் செய்ததைக்கூட நான் மன்னிப்பேன், அவனுக்குத் தெரியாது. தெரிந்த சனம் செய்ததை என்னவென்று சொல்வது.

கல்யாண நாள் வந்தது. நகருக்கு வெளியே ஒரு மண்டபம். சந்திரமதி போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். அதே கூறைச் சேலை. கேசிகாவும் நானும் அவளோடு பின்வரிசையில் இருந்தோம். தாலி கட்டி, சோறு கறி காட்டி, பால் பழம் கொடுத்துச் சடங்கெல்லாம் முடிந்தது. ஐயர் ஆலாத்திக்கு ஆட்களைக் கூப்பிட்டார். சந்திரமதிக்குப் பதிலாகப் பார்த்து வைத்திருந்த ஆளும் கூட எடுக்கிறவளுமாக இரண்டு பெண்களும் தட்டைத் தூக்க எழுந்தார்கள். அப்போது சந்திரமதியும் எழுந்து, நடுவழியால் நடந்து, மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

தவராசாவின் மனைவி இறங்கி வந்தார். "சந்திரமதி, பிறகு கதைப்பம். போய் இரு."

"என்னட்டை வந்து கேட்டனீங்கள் அக்கா. நான் ஓம் எண்டனான். பிறகு என்ன மாறினது?"

"ஊர் கதைக்குதெல்லோ."

"இத்தாலிக்காரன் அழிச்சான். அழிச்சதைத் திருப்பி வைச்சுப்போட்டான்" என்றாள் சந்திரமதி. "நீங்கள் எப்ப வைக்கப்போறியள்?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. கோபத்தில் சொன்னாள், ஆனால் கத்தவில்லை. மேடையில் மாலையோடு இருந்த கல்யாணப் பெண் தாயைப் பார்த்து, "பஸ்தா மம்மா, போதும். சந்திரமதி அன்ரி செய்யட்டும்" என்றாள். இங்கேயே வளர்ந்த பிள்ளை, தாய்க்குப் பயமில்லை. தாய் வாயை மூடிக்கொண்டார். தட்டைத் தூக்கிய இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒதுங்கி நின்றார்கள்.

சந்திரமதி தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள் எரிந்துகொண்டிருந்தன. மற்றப் பக்கத்துக்கு ஒருத்தி வேண்டும். அவள் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த சுமங்கலிகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சேலை மடிப்பைச் சரி செய்கிற வேலை வந்துவிட்டது. புஷ்பமலர் என் கண்ணைப் பார்க்காமல் கைத்தொலைபேசியைத் தேடினார். எனக்கு எழுந்து ஒவ்வொருத்தியின் கன்னத்திலும் அறைய வேண்டும்போல இருந்தது.

சந்திரமதியின் கண் வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. என்னில் நின்றது.

"மற்றில்டா அக்கா. இஞ்சை வாங்கோ. மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ."

யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேசிகா என் முழங்கையில் இடித்தாள். நான் கைம்பெண், அதுவும் கிறிஸ்தவள். நெற்றியில் பொட்டு வைத்துப் பழக்கமில்லாதவள். கல்யாண வீடுகளில் சமையல்கட்டுக்கு அப்பால் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. எழுந்தேன். நடந்தேன். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, நேரம் போகுது, கெதியாச் செய்யுங்கோ என்றார்.

தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். மெல்லிய குரலில் அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே. நான் ஆரெண்டு தெரியும்தானே."

"தெரியும்" என்றாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. "அண்டைக்குப் படியிலை வைச்சு உங்களை என்ன சொன்னனான் எண்டும் தெரியும்."

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். "என்ரை கையோடை சேர்த்துச் சுத்துங்கோ" என்றாள். இரண்டு பேருமாகச் சுற்றினோம்.